கால் நிற்கும் இடத்தில்தான் தலையின் பாதுகாப்பு: புதியவர்களுக்கு றக்பி டெக்கிள் கற்பித்த அனுபவம்

புதிதாக றக்பி விளையாட வரும் பிள்ளைகளுக்கு டெக்கிளை, அதாவது பந்தோடு ஓடுபவரைப் பிடித்து நிலத்தில் விழுத்தும் தடுப்பை, எப்படிப் பாதுகாப்பாகக் கற்பிப்பது என்று கேட்கும் இளம் ஆசிரியர்களுக்கு நான் முதலில் சொல்வது, பிள்ளையின் தோளையும் கையையும் பார்ப்பதற்கு முன் காலைப் பாருங்கள் என்பதுதான். மலையகத்தில் 12 முதல் 15 வயது வரையான மாணவர்களுக்கும் மாணவிகளுக்கும் பல ஆண்டுகளாக இந்த விளையாட்டின் ஆரம்பப் பாடங்களைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். டெக்கிளில் அடிபட்டு நான் பார்த்த பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தலை இருக்கக் கூடாத இடத்தில் இருந்தது. தலை அங்கே போனதற்குக் காரணம், அதற்கு அரை நொடி முன்னர் கால் தவறான இடத்தில் ஊன்றியிருந்தது. துணிச்சல் போதாது என்றோ உடம்பில் பலம் இல்லை என்றோ பிள்ளைகளைக் கடிந்துகொள்ளும் பயிற்றுநர்கள் இந்த ஒரு காரணத்தைக் கவனித்தால் பல காயங்களைத் தவிர்த்துவிடலாம் என்று உறுதியாக நம்புகிறேன்.

இலங்கையில் றக்பிக்கு நீண்ட வரலாறு உண்டு. கண்டியில் கிங்ஸ்வுட் கல்லூரியில் 1891ஆம் ஆண்டு தொடங்கிய பள்ளி றக்பி, 1906இல் கிங்ஸ்வுட், திரித்துவக் கல்லூரி அணிகளுக்கு இடையிலான முதல் பாடசாலைப் போட்டியாக வளர்ந்தது. கொழும்பு றோயல் கல்லூரியும் திரித்துவக் கல்லூரியும் மோதும் பிரட்பி கேடயப் போட்டி 1945 முதல் நடக்கிறது. மலையகத்தில் தோட்டத் துரைமார் டிக்கோயாவின் தரவளை மைதானத்திலும் டிம்புள்ளப் பகுதியின் ரதல்ல மைதானத்திலும் விளையாடியபோது, எங்கள் மூத்தவர்கள் எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தவர்கள். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பந்தைக் கையில் எடுக்கிறார்கள் என்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. ஆனால் பெரிய கல்லூரிகளில் இருப்பதுபோல் முழுநேரப் பயிற்றுநர்களும் உடலியக்க மருத்துவர்களும் சிறிய பாடசாலைகளில் இல்லை. ஒரு பந்தும் ஆர்வமுள்ள ஓர் ஆசிரியரும் இருந்தால் அணி தொடங்கிவிடுகிறது. அங்கே வரும் பிள்ளைகள் டெக்கிளைக் கைப்பேசியில் பார்த்துத்தான் அறிந்திருக்கிறார்கள். அதிலும் அவர்கள் விரும்பிப் பார்ப்பவை நிமிர்ந்து நின்று நெஞ்சோடு நெஞ்சு மோதி எதிராளியைத் தூக்கி எறியும் காட்சிகள். அந்தப் படத்தை அவர்கள் மனத்திலிருந்து அழித்துவிட்டுத்தான் நாம் தொடங்க வேண்டியிருக்கிறது.

நிமிர்ந்து செய்யும் டெக்கிள் ஏன் ஆபத்தானது என்பதற்குச் சான்று நிறைய உண்டு. தொழில்முறைப் போட்டிகளின் காணொளிகளை வைத்து உலக றக்பி அமைப்பு நடத்திய ஆய்வுகளில், தலைக் காயங்களில் பெரும்பகுதி டெக்கிளின்போதே நிகழ்கிறது என்றும், அடிபடுபவர் பெரும்பாலும் டெக்கிள் செய்பவரே என்றும், அவர் இடுப்பை வளைக்காமல் நிமிர்ந்து நிற்கும்போது ஆபத்து கூடுகிறது என்றும் தெரியவந்தது. பெற்றோர் பலர் நினைப்பதற்கு இது நேர் எதிரானது. பந்தோடு ஓடும் பிள்ளைதான் ஆபத்தில் இருக்கிறது என்று அவர்கள் அஞ்சுகிறார்கள். பிரான்ஸ் 2019இல் தொழில்முறை சாராத போட்டிகளில் டெக்கிளின் உயரத்தை இடுப்பளவுக்கு இறக்கியது. இங்கிலாந்து 2023 ஜூலை முதல் கழக, பாடசாலைப் போட்டிகளில் நெஞ்செலும்பின் அடிப்பகுதிக்குக் கீழே என்று விதியை மாற்றியது. நான் கற்பிக்கும் பிள்ளைகளுக்கு விதிநூல் அனுமதிக்கும் உச்ச உயரத்தைச் சொல்வதே இல்லை. காற்சட்டையின் இடுப்புப் பட்டிக்கும் முழங்காலுக்கு ஒரு சாண் மேலுக்கும் இடைப்பட்ட பகுதிதான் அவர்களது இலக்கு.

ஆனால் உயரத்தைக் குறைத்துவிட்டால் மட்டும் போதாது. தாழ்வாகப் போன தலை தவறான பக்கத்தில் இருந்தால், நிமிர்ந்து நின்றதைவிட மோசமாகவே முடியும். ஓடுபவரின் முழங்காலும் இடுப்பெலும்பும் அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. ஜப்பானில் பல்கலைக்கழக மட்டப் போட்டிகளின் ஆயிரக்கணக்கான டெக்கிள்களை ஆராய்ந்து 2018இல் வெளியிட்ட ஆய்வு, ஓடுபவரின் பாதைக்குக் குறுக்கே தலையை வைத்தவர்களுக்குத் தலை, கழுத்துக் காயங்கள் பல மடங்கு அதிகம் என்று காட்டியது. பக்கவாட்டிலிருந்து டெக்கிள் செய்யும்போது தலை ஓடுபவரின் பின்புறத்துக்குப் போக வேண்டும். காது அவருடைய பிட்டத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். நேருக்கு நேர் வருபவரைத் தடுக்கும்போது தலை அவரது இடுப்புக்கு வெளிப்புறத்தில் இருக்க வேண்டும். முகவாய் சற்று உயர்ந்து, கண்கள் திறந்து, முதுகு மேசைபோல் தட்டையாக இருக்க வேண்டும்.

முகவாயை ஏன் உயர்த்தச் சொல்கிறோம் என்பதைப் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்வது நல்லது. நம் கழுத்தெலும்புகள் இயல்பாகவே லேசான வளைவில் அமைந்தவை. அந்த வளைவு அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்கிறது. தலையைக் குனிந்தால் வளைவு நேராகிவிடுகிறது. அப்போது உச்சந்தலையில் விழும் மோதலின் முழு விசையும் எலும்புத் தொடரின் ஊடாக நேராக இறங்குகிறது. அமெரிக்கக் கால்பந்தில் உச்சந்தலையால் முட்டும் முறையை 1976இல் தடைசெய்த பிறகு, கழுத்து முறிந்து கைகால் செயலிழப்போரின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. தலைக்கவசம் அணிந்தவர்களின் நிலையே அப்படியென்றால், வெறுந்தலையோடு விளையாடும் நம் பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இனிக் காலுக்கு வருகிறேன். ஓடுபவர் எனது இடப்பக்கமாக ஓடுகிறார் என்றால் நான் இடது தோளைப் பயன்படுத்த வேண்டும். அப்போதுதான் தலை தானாகவே அவருக்குப் பின்னால் போகும். இடது தோள் முன்னே போவதற்கு இடது கால் அவருக்கு அருகில் ஊன்றியிருக்க வேண்டும். எந்தக் காலோ அந்தத் தோள் என்பதுதான் சூத்திரம். அந்தக் கால் ஓடுபவரின் பாதத்திலிருந்து ஒரு முழத்துக்குள் ஊன்றினால் இடுப்பு தாழும், முதுகு தட்டையாகும், தோள் இலக்கைத் தொடும், தலை பக்கவாட்டில் ஒதுங்கும். கால் இரண்டு முழம் தள்ளி நின்றுவிட்டால் பிள்ளைக்கு வேறு வழியில்லை. கைகளை நீட்டிக்கொண்டு பாய வேண்டியதுதான். பாயும்போது தலை கவிழும், உச்சந்தலை முன்னே போகும், கண் மூடும். “தலையைத் தூக்கு, தலையைத் தூக்கு” என்று எல்லைக்கோட்டில் நின்று கத்தும் பயிற்றுநரின் குரல் அந்த நேரத்தில் பிள்ளைக்கு உதவாது. கால் ஊன்றியதுமே எல்லாம் முடிவாகிவிட்டது.

ஆகவே முதல் சில வாரங்களில் எங்கள் பயிற்சியில் யாரும் யாரையும் விழுத்துவதில்லை. ஐந்து மீற்றர் அகலமுள்ள ஒரு பாதையைக் கூம்புகளால் அடையாளமிட்டு, ஓடுபவரை ஒரு முனையிலிருந்தும் தடுப்பவரை மறுமுனையிலிருந்தும் வரச் செய்வேன். தடுப்பவர் வேகமாக நெருங்க வேண்டும். இரண்டு மூன்று மீற்றர் இருக்கும்போது அடிகளைச் சிறிதாக்க வேண்டும். பிறகு சரியான காலை அருகில் ஊன்றி, முழங்காலை மடித்து, ஓடுபவரின் காற்சட்டையின் இரு பக்கங்களையும் இரு கைகளாலும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். கை தொட்டாலும் கால் தூரத்தில் இருந்தால் அது கணக்கில் சேராது. மழை பெய்து ஓய்ந்த மாலைகளில் இந்தப் பயிற்சியைச் செய்வது எனக்கு மிகவும் பிடிக்கும். ஈர மண்ணில் பூட்ஸின் தடம் ஆழமாகப் பதிந்திருக்கும்; தடுப்பவரின் தடத்துக்கும் ஓடுபவரின் தடத்துக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பிள்ளையே குனிந்து கையால் அளந்து பார்க்கலாம். நான் பத்து முறை சொல்லி விளங்காதது அந்த ஒரு அளவையில் விளங்கிவிடும்.

நேராகப் போகாமல் ஒரு பக்கமாக நின்று நெருங்குவதையும் இதே பயிற்சியில்தான் பழக்குகிறேன். எதிரே வருபவரின் நடுநெஞ்சுக்கு நேரே போய் நின்றால் அவர் எந்தப் பக்கமும் திரும்பலாம். எந்தத் தோளைப் பயன்படுத்துவது என்பது கடைசி நொடிவரை தெரியாது. கொஞ்சம் உள்ளே தள்ளி நின்று, எல்லைக்கோட்டுப் பக்கம் மட்டும் வழியைத் திறந்துவிட்டால், அவர் போகும் திசை நமக்கு முன்பே தெரியும்; தோளும் காலும் முன்பே ஆயத்தமாகும். பாதுகாப்பான டெக்கிளும் பலனுள்ள டெக்கிளும் ஒன்றே என்பது இந்த இடத்தில்தான் பிள்ளைகளுக்கு முதன்முதலில் புரிகிறது.

இதனோடு சேர்த்து விழுவதையும் கற்பிக்க வேண்டும். விழத் தெரியாத பிள்ளையை டெக்கிள் செய்ய யாரையும் அனுமதிக்கக் கூடாது. புதியவர்கள் கீழே விழும்போது இயல்பாகவே கையை நீட்டி நிலத்தில் ஊன்றுகிறார்கள். மணிக்கட்டும் காறை எலும்பும் முறிவது இப்படித்தான். முழங்கால், இடுப்பு, தோள் என்ற வரிசையில் பக்கவாட்டாக நிலத்தைத் தொட்டு, பந்தை இரு கைகளாலும் நெஞ்சோடு அணைத்து, முகவாயை மார்போடு ஒட்டிக்கொண்டு உருள வேண்டும். இதை முதலில் மண்டியிட்ட நிலையிலும், பிறகு குந்திய நிலையிலும், அதன் பிறகே நின்றும் நடந்தும் பழக்குகிறேன். மழையில்லாத மாதங்களில் எங்கள் மைதானங்களின் புல் காய்ந்து மண் இறுகிவிடும். அப்போது விழும் பயிற்சியைக் கோல் கம்பங்களுக்கு அருகிலிருந்து புல் அடர்ந்த ஓரத்துக்கு மாற்றிவிடுவேன். தொடங்குவதற்கு முன் பிள்ளைகளோடு வரிசையாக நடந்து கல், கண்ணாடித் துண்டு, கம்பி ஆகியவற்றைப் பொறுக்குவது எங்கள் வழக்கம். பொது மைதானங்களில் விளையாடுகிறவர்களுக்கு இதன் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை.

முதல் உண்மையான டெக்கிள் மண்டியிட்ட நிலையில்தான் நடக்கிறது. தடுப்பவர் ஒரு முழங்காலை நிலத்தில் ஊன்றி, மற்றக் காலின் பாதத்தை முன்னே வைத்திருப்பார். இடது தோளால் தடுக்கும் பயிற்சி என்றால் இடது பாதம் முன்னே இருக்கும். ஓடுபவர் அவருக்கு முன்னால் குறுக்காக, மெதுவாக, இரண்டு அடி நடந்து போவார். தடுப்பவர் முன் பாதத்தை உந்தித் தோளை அவரது தொடையின் மேற்பகுதியில் பதித்து, காதைப் பின்புறமாக ஒட்டி, இரு கைகளாலும் கால்களைச் சுற்றி இறுக்கி, நிலத்தில் விழும்வரை பிடியை விடாமல் இருக்க வேண்டும். பிடி தளர்ந்தால் ஓடுபவரின் கால்கள் உதறும். உதறும் கால் முகத்தில் படும். இறுக்கிப் பிடித்த கால் யாரையும் உதைக்காது என்பதைப் பிள்ளைகள் ஒருமுறை உணர்ந்துவிட்டால், பிறகு அவர்களாகவே இறுக்கிப் பிடிக்கிறார்கள். இந்தக் கட்டத்தில் அவசரப்படவே கூடாது. உயரமும் காலின் இடமும் முன்பே தீர்மானிக்கப்பட்டுவிடுவதால் பிள்ளையின் கவனம் முழுவதும் தலையிலும் கையிலும் இருக்கிறது. இந்த நிலையில் சரியாகப் பதிந்த பழக்கம் பிறகு ஓட்டத்தில் குலைவதில்லை.

எங்கள் குழுவில் ஒரு மாணவி இருந்தாள். நல்ல வேகம், நல்ல உடற்கட்டு. கால் சரியாகத்தான் ஊன்றும். ஆனால் தோள் படும் கணத்தில் கண்ணை இறுக மூடிவிடுவாள். மூடியதும் தலை கவிழும். கண்ணைத் திற என்று சொல்வது பயன் தராது, ஏனெனில் தான் கண்ணை மூடுவதே அவளுக்குத் தெரியாது. ஓடுபவரின் காற்சட்டையில் சிவப்பு, மஞ்சள், நீலம் என்று ஏதேனும் ஒரு துணிப்பட்டியை அவளுக்குத் தெரியாமல் செருகிவிட்டு, தோள் படும்போது நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும் என்று ஒரு விளையாட்டாக அமைத்தோம். முதலில் விழுந்து எழுந்த பிறகு யோசித்துச் சொன்னாள். பல முறை தவறாகச் சொன்னாள். நாள் செல்லச் செல்ல நிறத்தின் பெயர் மோதலுக்கு முன்னதாகவே அவள் வாயிலிருந்து வரத் தொடங்கியது. குரல் முன்னதாக வந்த நாள்களில் அவளுடைய முகவாயும் உயர்ந்தே இருந்தது. அன்றிலிருந்து எல்லாப் புதியவர்களுக்கும் இந்தத் துணிப்பட்டிப் பயிற்சியைத் தருகிறேன்.

பயத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். “பயப்படாதே” என்று நான் எந்தப் பிள்ளையிடமும் சொல்வதில்லை. தன்னை நோக்கி வேகமாக வரும் ஓர் உடலைக் கண்டு ஒதுங்குவது உயிருள்ள எவருக்கும் இயல்பு. எந்தக் காலை எங்கே வைப்பது என்று தெரிந்த பிள்ளைக்கு அந்தப் பயம் தானாகவே குறைகிறது. தெரியாத பிள்ளையிடம் பயத்தை மட்டும் பறித்துவிட்டால் அது கண்ணை மூடிக்கொண்டு பாய்கிறது. பெரிய உடலுள்ள மாணவனைச் சிறிய மாணவன்மீது ஓடவிட்டு “உறுதியாக்கும்” பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். 13 வயதில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், அவனோடு ஒரே வகுப்பில் இருப்பவன் குழந்தை உடலோடு இருப்பான். வயதை மட்டும் பார்த்து இணை சேர்ப்பது அநியாயம். எடை, உயரம், அனுபவம் மூன்றையும் பார்த்தே சோடி சேர்க்க வேண்டும். எந்தப் பிள்ளையும் எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் ஒரு படி பின்னால் போகலாம் என்ற விதியையும் முதல் நாளே அறிவித்துவிடுகிறேன். நின்று செய்யும் நிலையிலிருந்து மண்டியிடும் நிலைக்குத் தானாகத் திரும்பிச் சென்ற பிள்ளைகள்தாம் பின்னாளில் எங்கள் அணியின் மிகச் சிறந்த தடுப்பாளர்களாக வந்திருக்கிறார்கள்.

டெக்கிள் பேக் எனும் திணித்த பயிற்சிப் பையை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கும் பாடசாலைகள் உண்டு. பேக்குக்கு முழங்கால் இல்லை. அது திசை மாறாது. அதை நோக்கி எவ்வளவு தூரத்திலிருந்து பாய்ந்தாலும் அது அப்படியே விழும். அதனால் பிள்ளை தூரத்திலிருந்து பாயப் பழகிவிடுகிறது. பேக் இருந்தால் அதன் ஒரு பக்கத்தில் வெள்ளை நாடாவை ஒட்டி, தலை அந்தப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லி, கடைசி இரண்டு அடிகளுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் கவலைப்பட வேண்டாம். உலக றக்பி அமைப்பின் “டெக்கிள் ரெடி” பயிற்சித் திட்டம் டெக்கிளைப் பின்தொடர்தல், ஆயத்தம், பிணைப்பு, உந்துதல், முடிப்பு என ஐந்து கட்டங்களாகப் பிரிக்கிறது. அவற்றில் முதல் இரண்டு கட்டங்களுக்குப் பேக் எதுவும் தேவையே இல்லை. நான் மேலே சொன்ன கூம்புப் பாதைப் பயிற்சியும் அந்த இரண்டு கட்டங்களைச் சேர்ந்ததே. பெரும்பாலான பயிற்றுநர்கள் மூன்றாம் கட்டத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள் என்பது என் ஆதங்கம்.

வலது கைப் பழக்கமுள்ள பிள்ளைகள் எல்லோருக்கும் பொதுவான ஒரு சிக்கல் உண்டு. ஓடுபவர் இடப்பக்கமாகப் போனாலும் அவர்கள் பலமான வலது தோளையே கொடுக்கப் பார்ப்பார்கள். அதற்காக ஓர் அடி கூடுதலாக ஓடி முன்னால் போவார்கள். தலை நேராக ஓடுபவரின் பாதைக்குள் நுழைந்துவிடும். எங்கள் மாணவன் ஒருவன் வலப்பக்கத்தில் படம் பிடித்துக் காட்டலாம் போல டெக்கிள் செய்வான். இடப்பக்கம் வந்தால் ஒவ்வொரு முறையும் தலையை முன்னே கொண்டுபோவான். அவனுக்கு நாங்கள் செய்தது, போட்டிக்கான பயிற்சியை நிறுத்திவிட்டு, மீண்டும் ஒற்றை முழங்காலில் மண்டியிடச் செய்து, இடது தோளை மட்டும் கொடுக்கச் சொன்னதுதான். அவன் தம்பியைவிடச் சிறிய பிள்ளைகளோடு சேர்ந்து அதைச் செய்ய வேண்டியிருந்தபோதும் முகம் சுளிக்கவில்லை. இப்போது எல்லாக் குழுவிலும் இடப்பக்கப் பயிற்சியை வலப்பக்கத்தைப்போல் இரு மடங்கு தருகிறேன். இடக்கைக்காரர்களுக்கு அதைத் திருப்பிவிடுகிறேன்.

விதிகளைத் தனிப் பாடமாக நடத்தாமல், செய்யும் செயலோடு சேர்த்தே சொல்ல வேண்டும். தோள்களின் கோட்டுக்கு மேலே டெக்கிள் செய்யக் கூடாது. கைகளால் சுற்றிப் பிடிக்க முயலாமல் தோளால் மட்டும் இடித்துத் தள்ளக் கூடாது. தூக்கித் தலை கீழாகப் போடக் கூடாது. பந்தைப் பிடிக்க மேலே எழும்பியிருப்பவரைத் தொடவே கூடாது. நிலத்தில் விழுந்ததும் பிடியை விட்டு எழுந்துவிட வேண்டும். இந்தக் கடைசி விதியைப் பழக்குவதற்காக, ஒவ்வொரு டெக்கிளுக்குப் பிறகும் தடுப்பவர் எழுந்து நின்று விழுந்தவருக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும் என்று பயிற்சியில் வைத்திருக்கிறேன். பிடியை விடும் பழக்கமும் வந்துவிடுகிறது, விழுந்த பிள்ளைக்கு ஏதும் நேர்ந்திருக்கிறதா என்று முகத்தைப் பார்க்கும் பழக்கமும் வந்துவிடுகிறது.

எவ்வளவு நன்றாகக் கற்பித்தாலும் தலையில் அடிபடும் நாள் ஒன்று வரும். அந்த நாளில் என்ன செய்வது என்பதைப் பயிற்சி தொடங்கும் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். மயங்கி விழுந்தால்தான் மூளை அதிர்வு என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலான மூளை அதிர்வுகளில் நினைவு தப்புவதே இல்லை. வெறித்த பார்வை, தள்ளாட்டம், எழுவதில் தாமதம், குமட்டல், வெளிச்சத்தில் கண் கூசுதல், வழக்கத்துக்கு மாறான எரிச்சலோ அழுகையோ எதுவாயினும் போதும். இப்போது நாம் எந்த மைதானத்தில் இருக்கிறோம், இது முதற்பாதியா இரண்டாம் பாதியா, கடைசியாகப் புள்ளி பெற்றது யார், போன முறை எந்த அணியோடு விளையாடினோம் என்று கேட்டு, பதிலில் தடுமாற்றம் தெரிந்தால் பிள்ளையை வெளியே எடுத்துவிட வேண்டும். பதில் சரியாக இருந்தும் சந்தேகம் இருந்தால் அப்போதும் வெளியே எடுத்துவிட வேண்டும். அன்றைக்கு அந்தப் பிள்ளை திரும்பவும் களத்தில் இறங்கக் கூடாது. இதற்கு விதிவிலக்கு கிடையாது. 2011இல் வட அயர்லாந்தில் ஒரு பாடசாலைப் போட்டியில் தலையில் அடிபட்ட பிறகும் தொடர்ந்து விளையாடிய 14 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். முதல் அதிர்வு ஆறுவதற்குள் விழுந்த இரண்டாம் அடியே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. அந்தச் செய்தியை எங்கள் மூத்த மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் விளையாடும் நண்பன் தள்ளாடுவதை முதலில் காண்பவர்கள் அவர்கள்தாம். கை உயர்த்தி விளையாட்டை நிறுத்தும் உரிமை அவர்களுக்கும் உண்டு.

கழுத்தில் வலி, கைகால்களில் விறைப்பு அல்லது கூச்சம் என்று பிள்ளை சொன்னால் யாரும் தூக்கக் கூடாது, உட்கார வைக்கக் கூடாது. தலையை இருந்த நிலையிலேயே இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு 1990 என்ற இலக்கத்தில் சுவசரிய அம்புலன்ஸை அழைக்க வேண்டும். தோட்டப் பகுதிகளில் அம்புலன்ஸ் வரும் வழியைத் தொலைபேசியில் விளக்குவதே பெரும்பாடு. எனவே மைதானத்துக்கு வரும் வழியை ஓர் அட்டையில் எழுதி முதலுதவிப் பெட்டியின் மூடியில் ஒட்டியிருக்கிறேன். யார் கையில் தொலைபேசி இருந்தாலும் வாசித்துச் சொல்லிவிடலாம்.

உபகரணங்களைப் பற்றித் தவறான நம்பிக்கைகள் பல. மவுத்கார்ட் பல்லையும் தாடையையும் காக்கும். அது கட்டாயம் வேண்டும். மென்மையான தலைத்தொப்பி காது கிழிவதையும் தோல் சிராய்ப்பையும் குறைக்கும்; மூளை அதிர்வைத் தடுக்கும் என்று எண்ணி அதற்குச் செலவழிக்க வேண்டாம். அந்தச் செலவைவிடப் பலன் தருவது, ஒவ்வொரு பயிற்சியின் தொடக்கத்திலும் ஒழுங்காகச் செய்யும் உடற்சூட்டுப் பயிற்சி. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகம் பள்ளி மாணவர்களிடையே சோதித்துப் பார்த்த “ஆக்டிவேட்” திட்டம், வாரத்தில் மூன்று முறை செய்தவர்களிடையே காயங்களையும் மூளை அதிர்வுகளையும் பெரிதும் குறைத்தது. கழுத்துத் தசைகளை வலுப்படுத்தும் பயிற்சிகளும் அதில் உண்டு. நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தலையை அசைக்காமல் எதிர்த்து அழுத்துவதுபோல எந்தக் கருவியும் தேவைப்படாதவை அவை. டெக்கிள் பயிற்சியை இந்தச் சூட்டுப் பயிற்சி முடிந்த உடனேயே, பிள்ளைகள் களைப்படைவதற்கு முன், சுமார் 20 நிமிடங்களுக்குள் முடித்துவிடுவது நல்லது. களைத்த கால் அருகில் ஊன்றாது.

பெற்றோரை ஒதுக்கி வைக்காதீர்கள். கொழுந்து பறித்துவிட்டு வேலை உடையோடு மைதானத்துக்கு வந்த ஒரு தாய், “புள்ளைக்குக் கழுத்துல ஏதும் ஆயிருமா சேர்?” என்று என்னிடம் கேட்டார். ஏதும் ஆகாது என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது, யாராலும் முடியாது. “நீங்க கொஞ்ச நேரம் இருந்து பாருங்கம்மா” என்று சொல்லி மண்டியிட்டுச் செய்யும் பயிற்சியை அருகில் நின்று பார்க்க வைத்தேன். தலை எந்தப் பக்கம் போக வேண்டும், ஏன் போக வேண்டும் என்பதை அவருடைய மகனே அவருக்கு விளக்கினான். அடிபட்டால் என்ன செய்வோம், வீட்டில் இரவு எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் சொன்னேன். அவர் சம்மதித்தார். அதன் பிறகு ஒவ்வொரு தவணையின் தொடக்கத்திலும் பெற்றோருக்கென்று ஒரு பயிற்சி நாளை ஒதுக்குகிறோம்.

பிள்ளைகள் முதன்முதலாகப் போட்டியில் இறங்கும்போது நான் புள்ளிகளைக் கணக்கிடுவதில்லை. அதை வேறொருவரிடம் விட்டுவிடுகிறேன். என் கையிலிருக்கும் தாளில் ஒவ்வொரு மாணவரின் ஜேர்சி இலக்கத்துக்கும் எதிரே இரண்டு கட்டங்கள் இருக்கும்: இடத்தோள், வலத்தோள். தலை சரியான பக்கத்தில் இருந்த டெக்கிளுக்கு ஒரு கோடு, தவறான பக்கத்தில் இருந்ததற்கு ஒரு வட்டம். எதிராளி விழுந்தாரா, தப்பி ஓடினாரா என்பதை அதில் குறிப்பதில்லை. வட்டமாக முடிந்த டெக்கிள் எதிராளியை அழகாக விழுத்தியிருந்தாலும், அதற்குப் பார்வையாளர்கள் கைதட்டியிருந்தாலும், அந்த மாணவர் அடுத்த பயிற்சியை ஒற்றை முழங்காலில், அந்தத் தோளிலிருந்தே தொடங்குவார்.